பாப்லோ கஸால்ஸ்: ஒரு செல்லோ ஆசானின் வரலாறு



மேனாட்டு வாத்தியங்களுள் வயலின் நமக்கு அந்நியமானதன்று. ஏறத்தாழ இருநூறு ஆண்டுகளுக்கு முன்னரே அது நம்மவர் கையில் வந்து சேர்ந்து, சம்மணமிட்டு அமர்ந்து வாசிக்கும் வாத்தியமாகி, கருநாடக சங்கீதக் கச்சேரிக்கு இன்றியமையாத துணையாகிவிட்டது. ஆனால் அந்த வயலினுக்குத் தமையன் முறையான ஒரு வாத்தியத்தை நம்மிற் பலர் நேரிற் கண்டிருக்கமாட்டோம். செல்லோ என்பது அதன் பெயர். உருவத்தில் வயலினை ஒத்தது. நிறுத்தி வைத்தால் ஒரு சிறுவனின் உயரம் இருக்கும். வாசிப்பவர் நாற்காலியில் அமர்ந்து, அதனைத் தம் முழங்கால்களுக்கிடையே நிறுத்தி, அடியிலுள்ள கூரிய கம்பியைத் தரையில் ஊன்றி, குதிரைமயிர் பூட்டிய வில்லினால் அதன் நான்கு தந்திகளையும் உராய்ந்து நாதம் எழுப்புவார். வயலினின் குரல் பெண்குரலானால், செல்லோவின் குரல் வயது முதிர்ந்த ஆடவன் ஒருவன் மனம்விட்டுப் பேசும் குரல் எனலாம்.

இவ்வாத்தியத்தின் வரலாற்றிலே ஒரு பெயர் எல்லைக்கல் போல நிற்கின்றது. ஸ்பெயின் தேசத்துக் கட்டலோனிய நாட்டிற் பிறந்து, தொண்ணூற்றாறு ஆண்டுகள் வாழ்ந்து, 1973ஆம் ஆண்டில் மறைந்த பாப்லோ கஸால்ஸ் என்பாரின் பெயரே அது. நான் சங்கீத வித்துவான் அல்லன். பாடசாலை ஒன்றின் அதிபராயிருந்து பிள்ளைகளோடு காலங்கழிப்பவன். ஆதலால் அவருடைய வாசிப்பின் நுட்பங்களை ஆராய்வதிலும் பார்க்க, அவருடைய கையின் கதையையே இன்று உங்களுக்குக் கூற விரும்புகின்றேன். கட்டுண்டு கிடந்த ஒரு கை விடுதலை பெற்ற கதை இது. அவ்வாறு விடுதலை பெற்ற கையை, அதற்குரியவரே தம் மனச்சாட்சியின் பொருட்டு மீண்டும் கட்டிவைத்த கதையும் இதுவே.

கஸால்ஸ் 1876ஆம் ஆண்டு டிசெம்பர் 29ஆம் திகதி, பார்சலோனா நகருக்குத் தென்மேற்கேயுள்ள எல் வென்ட்ரெல் என்ற சிற்றூரிற் பிறந்தார். தாய்மொழியாகிய கட்டலன் மொழியில் அவர் பெயர் பாவ் என்பதாகும். அச்சொல்லுக்கு அம்மொழியிற் சமாதானம் என்ற பொருளும் உண்டு. தந்தையார் அவ்வூர்த் தேவாலயத்தில் ஓர்கன் வாசிப்பவர். பாடகர் குழுவைப் பயிற்றுபவர். தாயார் அத்திலாந்திக் கடலுக்கு அப்பால், புவேர்ட்டோ றிக்கோத் தீவிலே கட்டலன் பெற்றோருக்குப் பிறந்தவர். வீட்டிலே செல்வம் இருக்கவில்லை; இசை இருந்தது. பேசப் பழகும் வயதிலேயே பிள்ளை பாடப் பழகினான். பியானோவும் வயலினும் ஓர்கனும் தந்தையிடமே கற்றான்.

ஒருநாள் ஊருக்கு வந்த நாடோடி வாத்தியக்காரர்களுள் ஒருவன், துடைப்பக் கட்டையில் தந்தி பூட்டி வாசிப்பதைச் சிறுவன் கண்டான். அது போன்றதொன்று தனக்கும் வேண்டுமென்று அடம்பிடித்தான். தந்தையார் ஒரு சுரைக்குடுக்கையை எடுத்து, அதிலே தந்தி பூட்டி, ஒரு வாத்தியம் செய்து கொடுத்தார். கஸால்ஸின் முதற் செல்லோ அதுதான். உலகப் புகழ் வந்த பின்னும் அதனை அவர் போற்றி வைத்திருந்தார். சுரைக்குடத்தில் நாதம் பிறக்கும் என்பதை வீணையையும் தம்புராவையும் அறிந்த நமக்கு எவரும் எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை.

1888ஆம் ஆண்டிலே, பதினொரு வயதில், அவர் உண்மையான செல்லோவை முதன்முறையாகக் கேட்டார். பார்சலோனாவிலிருந்து ஊருக்கு வந்த ஒரு குழுவில் ஜோசெப் கார்சியா என்பவர் அதனை வாசித்தார். அந்த நாதம் காதில் விழுந்த கணத்திலிருந்து சிறுவனுக்கு வேறெதுவும் வேண்டியிருக்கவில்லை. தந்தையார் தயங்கினார். இசையை நம்பி வாழ்வதன் கடினம் அவருக்குத் தெரியும். ஆதலின் மகனைத் தச்சனிடம் தொழில் பழக விடுவதே நல்லது என்று எண்ணினார். தாயார் அதற்கு இணங்கவில்லை. பிள்ளைக்கு இறைவன் கொடுத்த வரம் இது. அதனைக் காப்பது நம் கடன் என்று வாதாடி, மகனைத் தாமே பார்சலோனாவுக்கு அழைத்துச் சென்று, நகரசபை இசைப் பாடசாலையிற் சேர்த்தார். அங்கே அவருக்கு வாய்த்த ஆசிரியர் அதே கார்சியாதான்.

கையின் கதை இங்கேதான் தொடங்குகின்றது. அக்காலத்திற் செல்லோ கற்பிக்கும் முறை ஒன்றிருந்தது. வில் பிடிக்கும் வலக்கையின் முழங்கை உடம்போடு ஒட்டியிருக்க வேண்டும். அது விலகாமல் இருப்பதற்காக, மாணவன் தன் அக்குளிலே ஒரு புத்தகத்தை இடுக்கிக்கொண்டு சாதகம் செய்வான். புத்தகம் கீழே விழுந்தால் பாடம் பிழை. இடக்கையிலும் இதே இறுக்கந்தான். ஒரு சுரத்திலிருந்து இன்னொன்றுக்குப் போகும்போது கை முழுவதும் தந்தி வழியே வழுக்கிச் செல்லும். அந்த வழுக்கலின் இழுப்போசை சங்கீதத்தின் இடையிடையே வேண்டாவிருந்தாளியைப் போல வந்து புகும்.

பன்னிரண்டு வயதுச் சிறுவன் இதனை ஏற்கவில்லை. கை இயல்பாக அசைய வேண்டியதொன்றை ஏன் கட்டி வைக்க வேண்டும் என்று தன்னைத்தானே கேட்டான். வகுப்புக்கு வெளியே தனியே இருந்து முயன்றான். முழங்கையை உடம்பிலிருந்து விடுவித்தான். வில் முழு நீளத்துக்கும் தங்குதடையின்றி ஓடியது. இடக்கை விரல்களை அகல விரித்து நீட்டி, கையை நகர்த்தாமலே தூரத்துச் சுரங்களை எட்டப் பழகினான், இழுப்போசை மறைந்தது. இன்று உலகெங்கும் செல்லோ பயில்வோர் கையை விடுத்து வாசிப்பதிலும் விரலை நீட்டிச் சுரம் பிடிப்பதிலும் அச்சிறுவனின் முயற்சிக்குப் பெரும் பங்குண்டு. ஆசிரியன் என்ற முறையில் இவ்விடத்தில் நான் சற்றுத் தயங்கி நிற்பதுண்டு. நாம் மாணவர்களின் அக்குளிலே இடுக்கச் சொல்லும் புத்தகங்கள் எத்தனை? அவற்றுள் உண்மையிலே தேவையானவை எத்தனை?

1890ஆம் ஆண்டில், பதின்மூன்று வயதாயிருந்தபோது, இன்னொரு சம்பவம் நிகழ்ந்தது. மகனைக் காண வந்த தந்தையார் அவனுக்கு முழு அளவுச் செல்லோ ஒன்றை வாங்கிக் கொடுத்தார். பின் இருவரும் துறைமுகத்துக்கு அண்மையிலிருந்த பழைய இசைப் பிரதிகள் விற்கும் கடையொன்றினுள் நுழைந்தனர். கோப்பி விடுதிகளில் வாசிப்பதற்கு ஏதும் கிடைக்குமா என்று தேடிய சிறுவனின் கையிலே, நிறம் மங்கிய ஒரு கட்டு அகப்பட்டது. ஜெர்மானிய இசை மேதை பாக் என்பார் 1720ஆம் ஆண்டளவில் தனிச் செல்லோவுக்கென இயற்றிய ஆறு இசைத் தொகுதிகள் அவை. துணை வாத்தியம் ஏதும் இல்லை, ஒரு செல்லோ, ஒரு வில், ஒரு மனிதன், அவ்வளவே. ஒவ்வொரு தொகுதியும் ஒரு முகப்புரையோடு தொடங்கி, பழைய நடன வகைகள் ஐந்தின் வழியே செல்லும். பாக் தம் கையால் எழுதிய மூலம் நமக்குக் கிடைக்கவில்லை. அவர் மனைவியார் எடுத்த பிரதியொன்று பிழைத்திருக்கின்றது. பத்தொன்பதாம் நூற்றாண்டினர் இவற்றை உயிரற்ற அப்பியாசங்கள் என்றே பெரிதும் கருதினர். மேடையில் வாசித்தாலும் இங்கொரு துண்டும் அங்கொரு துண்டுமாகவே வாசித்தனர்.

சிறுவன் அக்கட்டைத் தூக்கிக்கொண்டு வீட்டுக்கு ஓடினான். அன்று தொடங்கி, சபையில் இவற்றை வாசிக்கத் துணிவதற்குத் தமக்குப் பன்னிரண்டு ஆண்டுகள் சென்றன என்று கஸால்ஸ் பிற்காலத்திற் கூறியுள்ளார். பன்னிரண்டு ஆண்டுகள் ஒவ்வொரு நாளும் சாதகம். ஒருவரும் கேட்கவில்லை, ஒருவரும் கைதட்டவில்லை. அதன் பின்னர் ஒரு தொகுதியைத் தொடக்கம் முதல் முடிவு வரை முழுமையாக மேடையில் வாசித்தபோதுதான், அப்பியாசம் என எண்ணப்பட்டது பேரிலக்கியம் என்பதை உலகம் உணர்ந்தது.

அவருடைய இளமைக்கால உத்தியோக வரலாறு மேடும் பள்ளமுமானது. பார்சலோனாவின் கோப்பி விடுதியொன்றில் இரவு தோறும் வாசித்து வந்த அவரை, புகழ்பெற்ற இசையாளர் அல்பேனிஸ் கேட்டு வியந்து, மட்ரிட் நகரிலிருந்த ஒரு பிரபுவுக்கு அறிமுகக் கடிதம் கொடுத்தார். அதன் வழியாக ஸ்பெயின் அரசியாரின் ஆதரவும் உதவிப்பணமும் கிடைத்தன. மேற்படிப்புக்காக 1895ஆம் ஆண்டில் பிரசெல்ஸ் நகருக்குச் சென்றார். அங்கிருந்த பேராசிரியர் வகுப்பின் முன்னிலையில் இந்த நாட்டுப்புறத்து இளைஞனை ஏளனம் செய்தார். இளைஞன் வாசித்துக் காட்டினான். வாசிப்பைக் கேட்டுத் திகைத்த பேராசிரியர், தம் வகுப்பிற் சேர்ந்தால் முதற் பரிசு நிச்சயம் என்றார். ஏளனம் செய்தவரிடம் கற்க விருப்பமில்லை என்று கூறி, கஸால்ஸ் பிரசெல்ஸை விட்டே புறப்பட்டுவிட்டார். விளைவு, உதவிப்பணம் நின்றது. பாரிஸ் நகரில் ஒரு கேளிக்கை அரங்கின் வாத்தியக் குழுவிற் சொற்பக் கூலிக்கு வாசித்தார். வறுமை தாங்காது பார்சலோனாவுக்குத் திரும்பினார். அவ்வேளையில் பழைய ஆசிரியர் கார்சியா ஆர்ஜென்டீனாவுக்குப் போகவே, அவர் வகித்த இடம் மாணவருக்குக் கிடைத்தது. கஸால்ஸ் ஆசிரியரானபோது அவருக்கு வயது இருபதே.

1899ஆம் ஆண்டு அவருக்கு வாயில் திறந்தது. அவ்வாண்டில் இங்கிலாந்தில் விக்டோறியா மகாராணியின் முன்னிலையில் வாசித்தார். பாரிஸிலே லமூறோ என்பாரின் பெருவாத்தியக் குழுவோடு வாசித்துப் புகழ் கொண்டார். அதன் பிறகு ஐரோப்பாவும் அமெரிக்காவும் அவரை அழைத்த வண்ணமிருந்தன. வயலின் வித்துவான் திபோ, பியானோ வித்துவான் கோர்ட்டோ ஆகிய இருவரோடும் அவர் அமைத்த மூவர் குழு, அத்துறையிற் பெரும் புகழ் பெற்றது.

இந்த ஏறுமுகத்தின் நடுவே, 1901ஆம் ஆண்டில், சான் பிரான்சிஸ்கோ நகருக்கு அண்மையிலுள்ள ஒரு மலையில் ஏறும்போது, உருண்டு வந்த பாறையொன்று அவருடைய இடக்கை விரல்களை நசுக்கிவிட்டது. சிதைந்த விரலைப் பார்த்தபோது தம் உள்ளத்தில் எழுந்த முதல் எண்ணம், இனிச் செல்லோ வாசிக்க வேண்டியதில்லை, இறைவனுக்கு நன்றி என்பதாக இருந்ததென அவரே சொல்லியிருக்கின்றார். நேயர்கள் வியப்படையலாம். கலையைக் கடமையாக ஏற்றவனுக்கு அது எத்துணைப் பாரம் என்பதை இதனிலும் உண்மையாக எவரும் சொன்னதில்லை. மேடையேறும் ஒவ்வொரு முறையும் அவர் அச்சத்தால் நடுங்கினார் என்பதும் அவர் மறைக்காத செய்தி. கை குணமாயிற்று. அவர் மறுபடியும் வில்லை எடுத்தார்.

ஆசிரியராகவும் அவர் பெயர் பெற்றார். போர்த்துக்கல் தேசத்துச் சுஜியா அம்மையார் அவரிடம் பயின்று, பெண்கள் செல்லோ வாசிப்பதே அரிதாயிருந்த காலத்தில் ஐரோப்பிய மேடைகளில் முதன்மை பெற்றார். பார்சலோனாவிற் பிறந்த கஸ்பார் கஸாடோ, சிறுவனாக இருக்கும்போதே பாரிஸில் அவரிடம் கற்றார். இவ்விரு பெயர்களையும் நேயர்கள் நினைவில் வைத்திருக்க வேண்டுகின்றேன். பின்னர் நம் நாட்டோடு தொடர்புபட்டு இவை மீண்டும் வரும்.

கற்பிக்கும்போது அவர் வற்புறுத்திய கருத்துகள் சில நம் சங்கீத மரபை அறிந்தவர்க்கு நன்கு விளங்கும். சுரத்தானங்கள் பியானோக் கட்டைகளைப் போல அசையாது நிற்பவை அல்ல. ஒரு சுரம் தான் சென்றடையப் போகும் சுரத்தை நோக்கிச் சாயும். அந்தச் சாய்வைக் காதால் அறிந்து விரலால் காட்ட வேண்டும் என்பார். ஒரே சுரம் இருமுறை வந்தால் இருமுறையும் ஒரே விதமாக ஒலிக்கலாகாது; இயற்கையில் ஓர் இலையைப் போல மற்றோர் இலை இருப்பதில்லை என்பார். சுதந்திரம் வேண்டும், அது ஒழுங்கினுள் நின்ற சுதந்திரமாயிருக்க வேண்டும் என்பது அவர் உபதேசத்தின் சாரம்.

1920ஆம் ஆண்டில் அவர் பார்சலோனாவிலே தம் பெயரால் ஒரு பெருவாத்தியக் குழுவை நிறுவினார். முதல் ஆண்டுகளில் அதன் நட்டத்தையெல்லாம் தம் கச்சேரி வருமானத்தைக் கொண்டே ஈடுசெய்தார். ஆயினும் நுழைவுச்சீட்டு வாங்கக்கூடியவர்கள் மட்டுமே கேட்கும் இசை அவருக்கு நிறைவளிக்கவில்லை. 1926ஆம் ஆண்டளவில் தொழிலாளர் இசைச் சங்கம் ஒன்று தோன்ற வழிசெய்தார். மாத வருமானம் ஐந்நூறு பெசெத்தாவுக்குக் குறைந்தவர்களே அதில் உறுப்பினராகலாம். அவர்கள் செலுத்தியது மிகச் சிறிய சந்தா. ஆலைத் தொழிலாளரும் கடைச் சிப்பந்திகளும் ஞாயிற்றுக்கிழமைக் காலையில் வந்து, உலகின் தலைசிறந்த இசையை அமைதியாக அமர்ந்து கேட்டார்கள்.

இனி, கதையின் மறுபாதிக்கு வருவோம்.

1936ஆம் ஆண்டு ஜூலை 18ஆம் திகதி மாலை, பீத்தோவனின் ஒன்பதாவது சிம்பொனிக்கு ஒத்திகை நடந்துகொண்டிருந்தது. மானிட சகோதரத்துவத்தைப் பாடும் இறுதிப் பகுதிக்கு வந்தபோது ஒருவர் ஓடி வந்து செய்தி சொன்னார்: இராணுவத்தினர் கிளர்ந்தெழுந்துவிட்டனர்; நாளைய கச்சேரி நடவாது; எல்லோரும் உடனே வீடு செல்க. கஸால்ஸ் தம் குழுவினரைப் பார்த்து, பிரியுமுன் இதனை வாசித்து முடிப்போமா என்று கேட்டார். எல்லோரும் சம்மதித்தனர். கண்ணீர் மறைக்க, எழுத்துத் தெரியாத நிலையில் அவர் அந்த இசையை நெறிப்படுத்தி முடித்தார். மறுநாள் வீதிகளிலே துப்பாக்கி முழங்கியது.

உள்நாட்டு யுத்தம் மூன்று ஆண்டுகள் நீடித்தது. கஸால்ஸ் மக்கள் தெரிந்தெடுத்த குடியரசின் பக்கம் நின்றார். ஏலவே 1933ஆம் ஆண்டில் ஹிட்லர் ஆட்சிக்கு வந்ததும் ஜெர்மனியில் வாசிக்க மறுத்தவர் அவர். 1938ஆம் ஆண்டு ஒக்டோபரில் பார்சலோனாவிற் குழந்தைகளின் உதவிக்காகக் கச்சேரி செய்தபோது, இடைவேளையில் வானொலி மூலம் உலக மக்களுக்கு வேண்டுகோள் விடுத்தார். மறுதரப்புத் தளபதியொருவரும் வானொலியைப் பயன்படுத்தினார். கஸால்ஸ் அகப்பட்டால் அவருடைய இரு கைகளையும் முழங்கையோடு வெட்டிவிடுவேன் என்று அதில் முழங்கினார். சிறுவனாயிருந்தபோது விடுவித்த அதே முழங்கை! இந்த யுத்த ஆண்டுகளில்தான், 1936 முதல் 1939 வரை, இலண்டனிலும் பாரிஸிலும் பாக்கின் ஆறு தொகுதிகளையும் அவர் இசைத்தட்டுகளிற் பதிவு செய்தார். ஒரு பக்கத்துக்கு நான்கைந்து நிமிடமே கொள்ளும் பழைய தட்டுகள் அவை. அவற்றைக் கேட்பவர், நாடிழந்து கொண்டிருக்கும் ஒரு மனிதன் வாசிக்கின்றான் என்பதை மறக்கலாகாது.

1939ஆம் ஆண்டு ஜனவரியிற் பார்சலோனா வீழ்ந்தது. ஏறத்தாழ ஐந்து இலட்சம் மக்கள் பிரெஞ்சு எல்லையைக் கடந்தனர். மணற்பரப்பிலே முட்கம்பி வேலிக்குள் அடைபட்டுக் கிடந்த அவர்களின் முகாம்களுக்குக் கஸால்ஸ் சென்றார். எல்லைக்கு அப்பாலிருந்த பிராட் என்ற சிற்றூரிலே குடியமர்ந்து, உணவும் உடையும் பணமும் திரட்டி அனுப்பினார். உலகெங்கும் உதவி கேட்டுத் தம் கைப்படக் கடிதங்கள் எழுதினார். வில் பிடித்த கை பேனா பிடித்தது. ஜெர்மானியர் பிரான்சைக் கைப்பற்றிய பின், அவர்களின் அதிகாரிகள் வீட்டுக்கு வந்து, ஜெர்மனிக்கு வந்து வாசிக்கும்படி அழைத்தனர். மூட்டுவாதம் என்று காரணம் கூறி அவர் மறுத்துவிட்டார்.

யுத்தம் 1945ஆம் ஆண்டில் முடிந்தது. கஸால்ஸ் இங்கிலாந்து சென்று வாசித்தார். மக்கள் திரண்டு வரவேற்றனர். ஹிட்லரும் முசோலினியும் வீழ்ந்ததைப் போல ஸ்பெயினின் பிராங்கோவும் வீழ்த்தப்படுவார் என்று அவர் நம்பியிருந்தார். வெற்றி பெற்ற அரசுகளுக்கு அந்த நோக்கம் இல்லை என்பது விரைவிற் புலனாயிற்று. ஒக்ஸ்போர்ட், கேம்பிரிட்ஜ் சர்வகலாசாலைகள் அளிக்க முன்வந்த கௌரவப் பட்டங்களை அவர் ஏற்கவில்லை. பிராங்கோவின் ஆட்சியை அங்கீகரிக்கும் நாடு எதிலும் இனி வாசிப்பதில்லை என்று உறுதி பூண்டு, பிராட் கிராமத்துக்குத் திரும்பி, மேடையைத் துறந்தார். அப்போது அவருக்கு வயது அறுபத்தெட்டு. ஒரு கலைஞனுக்கு அந்த வயதில் ஒவ்வோர் ஆண்டும் விலைமதிப்பற்றது.

இந்த மௌனத்தால் என்ன பயன் விளைந்தது என்று கேட்பது நியாயமே. அரசியற் பயன் எதுவும் விளையவில்லை. பிராங்கோ 1975ஆம் ஆண்டு வரை ஆட்சியில் இருந்தே இறந்தார்; கஸால்ஸ் அதற்கு இரண்டாண்டுகள் முன்னதாக, புலம்பெயர்ந்த நிலையிலேயே கண்மூடினார். நட்டமோ பெரிது. நண்பர்கள் சிலரையும் அவர் பிரிந்தார். மூவர் குழுவிலிருந்த கோர்ட்டோ, பிரான்சு அடிமைப்பட்டிருந்த காலத்தில் ஆக்கிரமிப்பாளரோடு ஒத்துழைத்தவர். யுத்தம் முடிந்ததும் அவர் பிராட்டுக்கு வந்து தம் தவற்றை ஒப்புக்கொண்டார். எனினும் இருவரும் மீண்டும் சேர்ந்து வாசித்தது 1958ஆம் ஆண்டிலேதான். மூவருள் மற்றவராகிய திபோ அதற்கு ஐந்தாண்டுகளுக்கு முன்னரே விமான விபத்தில் இறந்துபோயிருந்தார்.

ஆயினும் ஒன்றைக் கவனியுங்கள். அவர் வாசிப்பதை நிறுத்தினார், கற்பிப்பதை நிறுத்தவில்லை. இளம் செல்லோ கலைஞர்கள் அச்சிற்றூரைத் தேடி வந்தனர். ஒவ்வொரு நாட்காலையிலும் பியானோவில் பாக்கை வாசித்துவிட்டே அவர் நாளைத் தொடங்கினார். அந்த வழக்கமும் மாறவில்லை. உலக மேடைக்கு மூடிய கதவு மாணவனுக்குத் திறந்தே கிடந்தது.

1950ஆம் ஆண்டு, பாக் மறைந்து இருநூறு ஆண்டு நிறைவு. அலெக்சாண்டர் ஷ்னைடர் என்ற வயலின் வித்துவான் ஒரு வழி கண்டார். நீங்கள் உலகத்தை நோக்கி வரமாட்டீர்களாயின் உலகம் உங்களை நோக்கி வரட்டும் என்பது அவர் வாதம். அவ்வாறே ஜூன் மாதத்தில், சேர்க்கின், ஸ்டேர்ன், ஸிகெற்றி முதலான பெரும் வித்துவான்கள் அந்த மலையடிவாரத்து ஊரிலே கூடினர். தேவாலயத்தினுள் நடந்த கச்சேரியிலே கஸால்ஸ் மீண்டும் வில்லை எடுத்தார். கச்சேரிகளின் இறுதியில், பறவைகளின் பாட்டு என்ற கட்டலன் நாட்டுப்பாடலை வாசிப்பது அவருக்கு வழக்கமாயிற்று. கிறிஸ்து பிறப்பைப் பறவைகள் பாடுவதாக அமைந்த எளிய தாலாட்டு அது. புலம்பெயர்ந்தோர்க்கு அது ஊரை நினைந்து உருகும் பாட்டாயிற்று.

1950களின் நடுப்பகுதியில், அவர் தாயார் பிறந்த புவேர்ட்டோ றிக்கோத் தீவிலே சென்று குடியேறினார். அங்கே இசைவிழாவும் பெருவாத்தியக் குழுவும் இசைக் கல்லூரியும் அவர் முயற்சியால் உருவாயின. 1958ஆம் ஆண்டு ஒக்டோபர் 24ஆம் திகதி ஐக்கிய நாடுகள் சபையில் அவர் வாசித்தது வானொலி மூலம் பல நாடுகளுக்கு ஒலிபரப்பாயிற்று. அச்சபை எந்த ஒரு நாட்டுக்கும் உரியதன்று என்பது அவர் கொண்ட நியாயம். 1961ஆம் ஆண்டு நவம்பரில் அமெரிக்க ஜனாதிபதி கென்னடியின் மாளிகையிலும் வாசித்தார். அமெரிக்கா பிராங்கோவை அங்கீகரித்த நாடாயிற்றே, சபதம் தளர்ந்ததோ என்று கேட்கலாம். ஓரளவு தளர்ந்தது என்றே நான் கொள்கின்றேன். இறுக்கம் எதுவாயினும் ஓரிடத்தில் இளக வேண்டும் என்பதைத் தம் முழங்கையிலே முதன்முதலிற் கண்டவர் அவரேயல்லவா? ஆனால் பிராங்கோ ஆண்ட ஸ்பெயினில் அவர் இறுதிவரை கச்சேரி செய்யவில்லை. 1973ஆம் ஆண்டு ஒக்டோபர் 22ஆம் திகதி சான் குவான் நகரிற் காலமானார். 1979ஆம் ஆண்டிலே அவர் உடல் எல் வென்ட்ரெல் ஊருக்குக் கொண்டுவரப்பட்டது.

நேயர்களே, முன்னர் நினைவில் வைக்கச் சொன்ன இரு பெயர்களுக்கு இப்பொழுது வருகின்றேன். சுஜியா அம்மையார் 1950ஆம் ஆண்டிற் காலமானபோது, தம் அரிய செல்லோவை விற்று, அப்பணத்தைக் கொண்டு இளம் செல்லோ கலைஞர்களை ஆதரிக்குமாறு எழுதி வைத்திருந்தார். அந்தப் பரிசைத் தம் பதினாறாம் வயதிற் பெற்றவர்களுள் ஒருவர் நம் நாட்டவர்: ரொஹான் டி சேரம். இலங்கைப் பெற்றோருக்கு 1939ஆம் ஆண்டில் இங்கிலாந்திலே பிறந்தவர். தாயார் மிரியம் டி சேரம், கண்டிய நடனத்தை முறையாகப் பயின்ற முன்னோடிப் பெண்மணி. மகன் பதினொரு வயதில் இத்தாலி சென்று கஸாடோவிடம் கற்றார். பின்னர் சுஜியா பரிசின் துணைகொண்டு புவேர்ட்டோ றிக்கோ சென்று, முதியவரான கஸால்ஸிடமே கற்றார். கஸால்ஸின் மாணவர் ஒருவர் அவருக்குப் பாடம் சொன்னார். கஸால்ஸின் மாணவி ஒருவரின் வாத்தியம் விலையாகி அவருக்கு வழிச்செலவாயிற்று.

ரொஹான் டி சேரம் அந்த வித்தையைப் பழம்பொருளாகப் பூட்டி வைக்கவில்லை. புத்தம் புதிய இசையை வாசிப்பதில் உலகப் புகழ் பெற்ற ஆர்டிட்டி நால்வர் குழுவிற் பல்லாண்டுகள் செல்லோ வாசித்தார். இலண்டன் டிரினிட்டி இசைக் கல்லூரியிற் கற்பித்தார். கண்டிய மேளத்தையும் முறைப்படி பயின்றார். இத்தாலிய இசையாசிரியர் பெரியோ 2002ஆம் ஆண்டில் அவருக்கென்றே இயற்றிய தனிச் செல்லோ இசையில், நம் மலைநாட்டு மேளத்தின் தாளக்கட்டு செல்லோவின் உடல்மீது விரல்களால் ஒலிக்கின்றது. 2024ஆம் ஆண்டு செப்டெம்பரில் அவரும் மறைந்தார்.

பார்சலோனாவின் பழங்கடையொன்றிற் கண்டெடுத்த காகிதக் கட்டும், அக்குளிலிருந்து விழவிட்ட ஒரு புத்தகமும் எங்கெல்லாம் சென்று சேர்ந்தன என்று எண்ணிப் பாருங்கள். கஸால்ஸின் மௌனம் ஓர் அரசைக் கவிழ்க்கவில்லை. ஆனால் அவரிடம் பாடம் கேட்க வந்த பிள்ளைகள், வில்லை எப்படிப் பிடிப்பது என்பதோடு, எப்பொழுது அதனைக் கீழே வைப்பது என்பதையும் கண்டுகொண்டு போனார்கள். முதலாவதைப் பாடத்திட்டத்தில் எழுதி வைக்கலாம். இரண்டாவதை ஆசிரியன் வாழ்ந்துதான் காட்ட வேண்டும். நாளைக் காலையில் வகுப்பறைக்குள் நுழையுமுன் நான் எனக்கே சொல்லிக்கொள்ள வேண்டியதும் அதுவே.